வெள்ளைச் சப்பாத்து

பதினெட்டுப் பேரை மலைக்கு ஏற்றிவிட்டுப் பதினேழு பேரோடு இறங்கிய ஒருவன், ஏரிக்கரைக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தான். பெயர் ஜெயகுமார். ஜொகூர் பாருவில் வங்கி அதிகாரி, வார இறுதியில் மலையேறும் கிளப்புக்குத் தலைவர். அவன் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி ஏரியில் வீசாமல் விட்டேன் பாருங்கள், அன்றைக்கு நான் காட்டிய பொறுமை அவ்வளவுதான்.

நான் செல்வராணி. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்று, அதை மூடியதும் புக்கிட் சிரே மலைக்கு உரிமம் வாங்கிய வழிகாட்டி. கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயர். இருக்கட்டும். சிரித்துப் பேசுகிற வழிகாட்டி சொல்வதை மலையில் எவனும் காதில் வாங்குவதில்லை.

ஏரிக்கரைக் கம்பம், கிராமம்தான், அங்கிருந்து மேலே போக மூன்று வழி. பழைய தண்ணீர்க் குழாயை ஒட்டிப் போவது பைப் பாதை. சின்னப் பிள்ளைகூட ஏறிவிடும். பாறையில் கயிறு கட்டியிருப்பது கயிற்றுப் பாதை. மூன்றாவது முதுகுப் பாதை. ஏரிக்கு நேர் மேலே, மலையின் முதுகெலும்பில் போகும். ஒரு பக்கம் மூங்கில், இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது. மண் சரிந்து இரண்டு வருஷமாக மூடிக் கிடக்கிறது. மலாயிலும் தமிழிலும் நானே எழுதிப் பலகை அடித்தேன். எத்தனை மொழியில் எழுதி என்ன? இவர்களுக்குப் போன் சொன்னால்தான் வேதவாக்கு.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி, வழக்கம்போல் விதிகளைச் சொன்னேன். என் பின்னால்தான் வர வேண்டும். தண்ணீர் இரண்டு போத்தல். அப்போதுதான் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். ஷாந்தினி என்று பெயர். இருபத்து நான்கு வயது, சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை. காலில் பளபளவென்று வெள்ளைச் சப்பாத்து, அடிப்பக்கம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது என்னம்மா, கல்யாணத்துக்கா வந்திருக்க?"

"ஒரு தடவைதானே அக்கா. போட்டோக்கு நல்லா இருக்கும்."

"போட்டோவ பேப்பர்ல போடுவாங்க, காணாமப் போனவங்க பக்கத்துல. மரத்துல பால் வெட்டப் போறவங்க போடுற கறுப்பு ரப்பர் சப்பாத்து கடையில தொங்குது பாரு. போய் வாங்கு!"

கடையில் அவள் அளவு இல்லை. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஜெயகுமார்தான், "அக்கா, நான் பார்த்துக்கிறேன் லா" என்று குறுக்கே விழுந்தான். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ஏய் வெள்ளைச் சப்பாத்து, தள்ளி நட. ஏய் வெள்ளைச் சப்பாத்து, கயிற்றைப் பிடி. அவளும் சிரித்துக்கொண்டே செய்தாள். நல்ல பிள்ளை.

கடைசி விதியையும் சொன்னேன். அது எப்போதும் சொல்வதுதான். நகரத்துக் கூட்டம் காட்டுக்குள் வந்தால் ஒருவரை ஒருவர் கூவிக் கூவி அழைத்து மலையையே சந்தையாக்கிவிடும். கத்தாதீர்கள் என்றால் கேட்பார்களா? பேய் என்றால் கேட்பார்கள். அதனால் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்: "காட்டுல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராவது உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாதீங்க, வாயைத் திறக்காதீங்க. கூப்பிடுறது மனுசனா இருக்காது. உங்க அம்மா குரல்லயே கூப்பிட்டாலும் சரி." உடனே எல்லோரும் கப்சிப். இந்த ஊரில் எல்லா இனத்தாரும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு அது. நான் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

உச்சிக்கு நன்றாகத்தான் போனோம். இறங்கும்போது இரண்டு பேருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. அவர்களோடு நான் பின்தங்கினேன். பாதை பிரியும் இடத்தில் நில்லுங்கள் என்று ஜெயகுமாரிடம் தமிழில்தான் சொன்னேன். அவன் போனைப் பார்த்தான். முதுகுப் பாதையில் போனால் ஏரி அழகாகத் தெரியும் என்று அதில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருக்கிறான். என் பலகையைத் தாண்டி மீதிப் பேரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு மணிக்கு நான் கரைக்கு வந்தபோது அவன் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தான். ஆட்களை எண்ணினால் வெள்ளைச் சப்பாத்தைக் காணோம்.

"ஆள எண்ணினீங்களா?"

"எல்லாரும் ஓகேவான்னு கேட்டேன் அக்கா. ஓகேன்னாங்க."

"இல்லாதவ எப்படிய்யா இல்லைன்னு சொல்லுவா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நீங்க என்று ஆரம்பித்தது நீ ஆகி, நீயும் போய் எழுத முடியாத வார்த்தைகளுக்கு வந்து நின்றது. கடையிலிருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவன் முகம் வெளிறிப் போயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை. உரிமம் என்னுடையது, மலை என்னுடையது, காணாமல் போன பெண் என் கணக்கில்தான் வருவாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் கிளப்பை மாற்றிக்கொள்வான். நான் எந்த மலையை மாற்றிக்கொள்வது?

மூன்று மணிக்குப் போம்பா ஆட்கள் வந்தார்கள். தீயணைப்பு என்றாலும் இங்கே காட்டில் ஆளைத் தேடுவதும் அவர்கள்தான். நானும் என் கூட்டாளி வழிகாட்டி விஜயனும் சேர்ந்து போனோம். முதுகுப் பாதை முழுக்க, மேலிருந்து கீழாக, "ஷாந்தினீ! ஷாந்தினீ!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். கத்திவிட்டு நின்று காது கொடுப்போம். பூச்சிச் சத்தம்தான்.

ஐந்து மணிக்கு அவள் அம்மா யோகம், செடெனாக் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறி, கையில் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, முதுகுப் பாதைக்கு நேர் கீழே ஏரியில் நின்று கூப்பிட்டார். "ஷாந்தினி, அம்மா வந்திருக்கேன்டா. எங்கம்மா இருக்க?" தண்ணீரில் பட்டு அந்தக் குரல் மலை முழுக்க ஏறியது. மேலே எங்களுக்கே பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. இருட்டியதும் தேடலை நிறுத்தினார்கள். அவர் படகை விட்டு இறங்க மறுத்தார், தூக்கித்தான் இறக்கினோம்.

ஞாயிறு விடிந்ததும் மறுபடி அவர் படகில், நாங்கள் மலையில். ஒரு ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. போம்பா தலைவர் இப்போது யாரிடமும் அதிகம் பேசவில்லை. அவர் ஆட்கள் கயிறுகளோடு கொண்டுவந்திருந்த, பிணம் சுற்றும் ஆரஞ்சுப் பையை நான் பார்க்காதமாதிரி நடந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூங்கிலை வெட்டினேன், கல்லை உதைத்தேன், ஜெயகுமாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவனும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான். கேட்கட்டும் என்றுதான் திட்டினேன்.

பாதி வழியில் விஜயன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினான். மூச்சு வாங்கியது.

"காது செவிடா அக்கா? அங்க மண் இளகிக் கிடக்கு. செல்வராணி செல்வராணின்னு நாலு தடவை கத்துறேன், திரும்பவே மாட்டேங்கிறீங்க!"

"கூறு கெட்டவனே, காட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்னு உனக்குத் தெரி..."

அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருந்தது. நான்கு தடவையும் கேட்டிருந்தது. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவள்தான் நான். ஆனாலும் கழுத்து திரும்பவில்லை.

அப்படியென்றால் அவள்? தனியாக, அடிபட்டு, இருட்டில், பயந்துபோய்க் கிடக்கிற ஒரு பிள்ளை?

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன். "யாரும் பேர் சொல்லக் கூடாது!" கீழே படகுக்கும் வாக்கிடாக்கியில் சொல்லச் சொன்னேன். மலை அமைதியானது. சரிவின் விளிம்பில் குப்புறப் படுத்து, கீழே புதருக்குள் பார்த்து, என் சொந்தக் குரலில், எந்தப் பேயும் பேசாத பாஷையில் ஆரம்பித்தேன்.

"ஏய்! வெள்ளைச் சப்பாத்து! எங்கடி போய்த் தொலைஞ்ச? தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? போட்டோவுக்கு நல்லா இருக்குமாம்ல? இப்ப வாடி, எடுக்கிறேன் போட்டோ! கையில கிடைச்சே, அந்தச் சப்பாத்தாலயே நாலு போடுவேன்! வாயைத் திறடி, வெள்ளைச் சப்பாத்து!"

கீழே பெர்தாம் பனைப் புதருக்குள்ளிருந்து, பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் அழுகை. அப்புறம், "அக்கா... இங்க."

நாங்கள் நேற்றைக்கு இரண்டு தடவை, இன்றைக்கு ஒரு தடவை நின்று கத்திய இடத்துக்கு முப்பது அடி கீழே அவள் கிடந்தாள். வழுக்கி விழுந்தபோது இடது கணுக்கால் உடைந்து பாதம் திரும்பியிருந்தது. முழங்கால்வரை வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. போம்பா ஆள் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் தலைவரைப் பார்த்தான். ஒரு நாள் முந்தி என்றால் பரவாயில்லை, இப்போது டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார்.

நான் அவள் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நேத்தே கேட்டுச்சு அக்கா," என்றாள். "மேல நின்னு நின்னு கூப்பிட்டுச்சு. அப்புறம் அம்மா குரல்ல வந்துச்சு. ராத்திரி பூரா காதுக்குள்ளயே இருந்துச்சு. நான் காதை இறுக்கப் பொத்திக்கிட்டேன். நீங்க சொன்னீங்கள்ல, அம்மா குரல்லயே வரும்னு. நான் வாயைத் திறக்கவே இல்ல அக்கா."

சொன்னபடி கேட்ட பிள்ளையின் பெருமை அந்தக் குரலில் இருந்தது. என் விதிகளை வரிக்கு வரி நம்பி நடந்த ஒரே ஆள் அவள்தான். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் கொதித்த கோபம் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திட்டுவதற்கு அந்த மலையில் ஆள் மாறிப்போயிருந்தது.

ஸ்ட்ரெச்சரைக் கரைக்கு இறக்க மூன்று மணி நேரம் ஆனது. ஜெயகுமார் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே வந்தான். கீழே வந்ததும் என் எதிரில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் என்னாலதான் அக்கா. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நான் வாங்கிக்கிறேன்."

தானாக வந்து நிற்கிறான். கேட்பவர்கள் எல்லோரும் என் பக்கம்தான் பேசுவார்கள். நான் அவனைத் தாண்டி ஆம்புலன்ஸ் பக்கம் போனேன்.

யோகம் மகளின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொண்டை கட்டிப்போய்க் குரலே இல்லை. வெறும் காற்றாகத்தான் வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அவ்வளவு கத்தினேனேம்மா. ஒண்ணுகூட எம்பிள்ளைக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"கேட்டுச்சுக்கா," என்றேன். "எல்லாமே கேட்டுச்சு. யாரு கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே, அம்மாவே கூப்பிட்டாலும் திறக்காதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். ஆளுங்க சத்தம் போடாம இருக்கணும்னு சும்மா சொல்றது. அவ நம்பிட்டா."

யோகம் என்னையே பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. எனக்குத் தெரிந்த முகம்தான் அது. கடையில் ஜெயகுமார் என் முகத்தில் பார்த்தது. திட்டட்டும் என்று காத்து நின்றேன். அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தார். பிறகு என் கைகளை விட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.