மலையாண்டியின் நவீன ஊத்தா

பழங்காநத்தத்தில் மலையாண்டியின் வாடகை சைக்கிள் கடை வாரத்தில் ஐந்தரை நாள்தான் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பூட்டு. திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் பூட்டுத்தான், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் நடந்ததை டீக்கடையில் விளக்கிச் சொல்ல அவருக்கு அரை நாள் வேண்டியிருந்தது. மிச்ச நாட்களிலும் அவர் கடையில் இருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு ஸ்டூலில் இருக்கும். வலது கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். பஞ்சர் பார்க்க ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். குமிழ் வரும். அதற்குக் கீழே எதையோ தேடுவதுபோல அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். சைக்கிள்காரன் ரெண்டு தடவை இருமினால்தான் கரையேறுவார்.

‘மீன் பிடிக்கிறவர்’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர் செய்வது ஆராய்ச்சி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தடவை பல்கலைக்கழகத்து வாத்தியார் ஒருத்தர் பாட்டிலில் கண்மாய்த் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர், போகிற போக்கில் இங்கே என்ன மீன் கிடைக்கும் என்று இவரிடம் கேட்டுவிட்டார். கேட்டவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து, ‘யுனிவர்சிட்டிக்காரங்களே நம்மளக் கலந்துக்கிட்டுத்தான் செய்றாங்க’ என்று பழங்காநத்தம் முழுக்கப் பேச்சு. பேசியவரும் இவரேதான்.

ஆராய்ச்சி பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு முறையை இரண்டாம் தடவை செய்து பார்ப்பது அவருடைய கௌரவத்துக்கு ஒத்துவராது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தபோது, எதிரேறி வரும் மீன் தானாக வந்து விழட்டும் என்று தன் கலியாணக் குடையைத் தலைகீழாக விரித்துக் கட்டினார். ஒரு தண்ணிப்பாம்பு வந்து, பிடித்துப்போய், அதிலேயே தங்கிவிட்டது. தை மாதம் லாரி ட்யூபில் மல்லாந்து படுத்துக்கொண்டு நடுக்கண்மாய்க்குப் போனார். காற்று திரும்பவிடவில்லை. எருமை குளிப்பாட்ட வந்த ஒருத்தர் எருமையோடு நீந்திப்போய் அவரை ஓட்டிக்கொண்டு வந்தார். பங்குனியில் தவிட்டோடு பெருங்காயம் பிசைந்து தூண்டிலில் வைத்தார். வாசனைக்குக் கரையில் ஏழு நாய்கள் கூடின. அப்புறம் சைக்கிள் டைனமோவில் வயர் இழுத்துத் தண்ணீரில் விட்டு மீன்களை மயங்க வைக்கும் முறை. ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதிக்கிற பொறுப்பைக் கடைக் கூட்டாளி பால்பாண்டியிடம் கொடுத்திருந்தார். ஒன்றரை மணி நேர முடிவில் மயங்கியது பால்பாண்டி.

கெண்டை, கெளுத்தி என்று கையில் ரெண்டு சிக்காமல் இல்லை. ஆனால் அவருடைய பெண்டாட்டி மாயக்காளின் ஊரில் அதையெல்லாம் மீன் என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள். நாகமலைக்கு மேற்கே, கண்மாயை நம்பிய ஊர். அங்கே ஆம்பளை பிடிக்கிற மீன் விரால் ஒன்றுதான். மாயக்காளின் தம்பி சோணை விராலைக் கையால் துழாவியே பிடித்துவிடுவான்; பிடித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். மலையாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை. ஏழு வருசமாக மாமனார் ஊருக்கு விதவிதமான சாமான்களோடு போய், ஏழு வருசமும் விரால் இல்லாமல், விளக்கத்தோடு மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

போன சித்திரையில்தான் அந்தக் காரியம் நடந்தது. கடையை இப்படிப் பூட்டிப் பூட்டி வைத்தால் குடும்பம் என்னத்துக்கு ஆகும் என்று மாமியார் ஒச்சாயி கேட்டுவிட்டாள். சபை நிறைய ஆள் இருந்தது. மலையாண்டிக்கு ரோசம் வந்துவிட்டது. கண்மாய்க்கரை அய்யனார் முன்னால் நின்று, மாயக்காளின் கையில் அடித்து, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். ஒரே ஒரு விரால். அதைப் பிடித்துக் காட்டிவிட்டால் அன்றைக்கே தூண்டில், வலை எல்லாவற்றையும் அய்யனார் காலடியில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து உட்காருவார்.

சொல்லும்போது எடுப்பாகத்தான் இருந்தது. பஸ் ஏறி வீடு வந்து சேருவதற்குள் அதன் முழு நீளமும் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்த சத்தியத்தை யாரும் திரும்ப வாங்கியதில்லை. விரால் பிடிக்காவிட்டால் மானம் போகும். பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போகும். அன்றிலிருந்து தூண்டில் மிதவை லேசாக ஆடினாலே, விராலாக இருந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டுதான் இழுப்பார். பார்த்தால் வெறும் கெண்டை. ‘ச்சே’ என்று வாய் சொல்லும். நெஞ்சு நிம்மதியாக மூச்சுவிடும்.

இந்தச் சித்திரையில் மாமனார் ஊரில் கண்மாய் அழிவு என்று ஆள் வந்து சொன்னது. தண்ணீர் வற்றி முட்டளவு சேறும் நீருமாக நிற்கும்போது ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கிற நாள் அது. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்க வேண்டும். போகாமல் இருக்க முடியாது. வெறுங்கையோடும் போக முடியாது. பத்து நாள் கடையில் ஒரே சுத்தியல் சத்தம். பால்பாண்டி கேட்டதற்கு, பொறுத்திருந்து பார் என்றார்.

ஊத்தா என்பது எல்லோரிடமும் இருப்பதுதான். மூங்கில் குச்சியில் முடைந்த, அடி திறந்த கூடை. சேற்றில் குத்தி, உள்ளே மீன் முட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். மலையாண்டி அதை நவீனப்படுத்தியிருந்தார். மேலே ஒரு ரிம், கீழே ஒரு ரிம், நடுவில் வரிசையாகச் சைக்கிள் போக்ஸ் கம்பி. மீன் முட்டியதும் தெரிவதற்காக உச்சியில் ஒரு பெல். பச்சைப் பெயின்ட் வேறு. பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் கேட்டார்கள்.

அம்பலக்காரர் காளை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஐந்நூறு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். மலையாண்டியும் விழுந்தார். முதல் குத்திலேயே பெல் அடித்தது. குனிந்து கையை விட்டார், சேறு. இரண்டாவது குத்து, பெல், சேறு. மீன் முட்டாமலேயே அது அடிக்கும் என்பது ஆறேழு குத்தில் தெரிந்துவிட்டது. முன்னால் போன ஒருத்தர் பெல் கேட்டு, பழக்கதோசத்தில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். இன்னொருத்தர் திரும்பிப் பார்த்து, டபுள்ஸ் ஏத்துவீங்களா என்று கேட்டார். பத்தாவது குத்தில், இரும்புக்கும் களிமண்ணுக்கும் என்ன உறவோ, நவீன ஊத்தா சேற்றுக்குள் ஒரேயடியாக இறங்கிவிட்டது. இழுத்தார். கால்தான் உள்ளே போனது. நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

காலால் துழாவினார். இடது காலுக்குக் கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. ரிம் என்று நினைத்து அழுத்தி மிதித்தார். ரிம் நெளியாது.

நெளிந்தது.

மலையாண்டிக்கு உச்சந்தலையில் வேர்த்தது. வழுவழுவென்று, கெட்டியாக, ஒரே திமிறலில் அத்தனை பலம். ஏழு வருசமாகக் கனவில் மட்டும் வந்தது காலுக்கடியில் உயிரோடு கிடக்கிறது. குனிந்து, காலை ஒட்டிக் கையை விட்டு, செவுளில் கட்டைவிரலைக் கொடுத்தால் முடிந்தது. சோணை முன்னால், ஒச்சாயி முன்னால், தலைக்கு மேல் தூக்கிக் காட்டலாம். பாதி குனிந்துவிட்டார். அப்புறம் அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில், சாகிற மட்டும் அந்த ஸ்டூலில். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். கடைசியில் இரண்டுமில்லாமல் அப்படியே நின்றுவிட்டார். ஆடுகிற வலது கால்கூட நின்றுவிட்டது.

அழிவுக் கண்மாயில் யாரும் நிற்க மாட்டார்கள். நின்றால் காலுக்கடியில் மீன் இருக்கிறது என்று அர்த்தம். மிதித்த மீன் மிதித்தவருக்கு என்பது ஊர்க்கட்டு. சுற்றி இருப்பவர்கள் கை விரித்த அளவில் ரெண்டு பாகம் தள்ளிப்போய் வழி விட்டுவிடுவார்கள். அப்படியே எல்லோரும் தள்ளினார்கள். மலையாண்டியைச் சுற்றி வட்டமாகத் தண்ணீர் மட்டும் இருந்தது. சோணை வந்து சேர்ந்தான், பின்னாலேயே மீன் கூடையோடு மாயக்காளும்.

“என்ன மச்சான், நின்னுட்டீங்க?”

“முள்ளு மாப்ள.”

“முள்ளு குத்துனா ஆளு குதிப்பாரு. நீங்க சாமி கணக்கா நிக்கிறீங்க.” சோணை அவர் முழங்காலையே பார்த்தான். “எம்புட்டு இருக்கும்?”

“முழங்கைத் தண்டிக்கு இருக்கும்” என்று சொன்ன பிறகுதான், சொன்னது மலையாண்டிக்கு உறைத்தது. மீனின் அளவைக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிப் பழகியிருந்தது.

“முள்ளா?” என்றான் சோணை. வட்டம் சிரித்தது. மலையாண்டி காலைத் தூக்கிவிட்டார்.

தண்ணீருக்குள் ஒரு கோடு வேகமாக ஓடி, அசந்து நின்ற சங்கிலி என்பவரின் ஊத்தாவில் போய் முட்டியது. சங்கிலி கையை விட்டு எடுத்துத் தூக்கினார். முழங்கை என்றது குறைவு. கெண்டைக்கால் தண்டி இருந்தது. ஆனால் சங்கிலி நியாயஸ்தர். அடுத்தவர் கால்மீனை எடுத்துப்போய்த் தன் வீட்டில் குழம்பு வைக்க மாட்டார். நேராக மலையாண்டியிடம் கொண்டுவந்து, இந்தாங்க உங்க விராலு, என்று நீட்டினார். மலையாண்டி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விவகாரம் கரையேறி அம்பலக்காரரிடம் போனது. காளைக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஊர்க்கட்டுப்படி மீன் மலையாண்டியுடையது. கூட்டத்தில் ஒச்சாயி, அப்படியென்றால் சத்தியமும் நிறைவேறிவிட்டது என்று எடுத்துக் கொடுத்தாள். போன வருசம் சூடம் அணைந்ததைப் பார்த்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

மலையாண்டி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் மீன் பிடிக்கவில்லை என்று வாதாடினார். மிதித்தது தற்செயல் என்றார். பிடிப்பதென்றால் ஒரு முறை வேண்டும், இதில் எந்த முறையும் இல்லை என்றார். காளை அதை ஏற்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரர், யுனிவர்சிட்டியே கேட்டுச் செய்கிறது என்கிறார்கள், அப்படிப்பட்டவர் காலில் தற்செயலாக மீன் மாட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். யாரோ கெக்கலித்தார்கள்.

மலையாண்டி சுற்றிலும் பார்த்தார். சேறு காய்ந்து தொடை இழுத்தது.

“எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதுங்க” என்றார். சத்தம் பத்தவில்லை என்று நினைத்தோ என்னவோ மறுபடியும் சொன்னார். “ஏழு வருசமாச்சு. ஒண்ணும் தெரியாது. யுனிவர்சிட்டி வாத்தியாரு வழி கேக்குற மாதிரி என்னமோ கேட்டாரு, அவ்வளவுதான்.”

இப்படி ஒன்றை எதிர்பார்க்காததால் சிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சத்தியம் யார் கையில் அடித்ததோ அவரைக் கேட்போம் என்று மாயக்காள் பக்கம் திரும்பினார்.

மாயக்காள் விராலைப் பார்த்தாள். நல்ல மீன். அப்புறம் புருசனைப் பார்த்தாள். அவர் ஒற்றைக் காலிலிருந்து மற்றதற்கு மாறிக்கொண்டே நின்றார்.

“அவரு முள்ளுன்னுதான் சொன்னாரு. நானும் கேட்டேன்” என்றாள். “முள்ளுக்கெல்லாம் சத்தியம் இல்ல. சங்கிலியண்ணே, நீங்க மீனக் கொண்டுபோயிக் கொழம்பு வையுங்க.”

ஒச்சாயி மகளை முறைத்த முறைப்பு சாயங்காலம் பஸ் ஏறும் வரைக்கும் குறையவில்லை. சோணை மட்டும் நாலு கெளுத்தியைப் பையில் போட்டுக் கொடுத்தான். மலையாண்டி அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் நாகமலையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். தன்மேல் இருக்கிற மதிப்பில் சொன்னாள் என்று அவள் சொல்லக்கூடும் என்று ஒரு சின்ன நப்பாசை.

“போன ஆவணியில கால் சுளுக்கி ஒன்றரை மாசம் வீட்ல கெடந்தீங்கள்ல” என்றாள் மாயக்காள். “அடுப்ப மேக்க பாத்து மாத்துனீங்க, பொக அம்புட்டும் எம்மூஞ்சியில. கடிகாரத்தக் கழட்டிப் பாத்தீங்க, இன்னும் ஓடல. ரசத்துக்கு எத்தன மொளகுன்னு எண்ணச் சொன்னீங்க. தூண்டிலப் போட்டுட்டா ரெண்டு ஞாயிறு கடையில இருப்பீங்க, மூணாவது ஞாயிறு வீட்டுக்கு வந்துருவீங்க. ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம இல்லன்னா எனக்கும்தான் இல்ல.”

மலையாண்டி முன்பாதியைக் காதில் வாங்கினார். பின்பாதிக்கு வருவதற்குள் காலடியில் அந்த வழுவழுப்பு திரும்ப வந்துவிட்டது. உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறுங்காலாக இருந்ததில்தான் கோளாறு என்று தோன்றியது. பழைய டயரில் ஒரு செருப்பு; அடியில் சொரசொரப்பாக வரி வெட்டிவிட்டால் மீன் நழுவாது. மிதித்தால் இருக்கும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அவளிடம் குனிந்து மெள்ளச் சொன்னார்.

மாயக்காள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

“செய்யுங்க” என்றாள். “கடையில வச்சுச் செய்யுங்க.”