இந்திராதேவிக்கு மிஞ்சிய ஜூஸ்

இந்திராதேவிக்கு டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சீனி ஒன்பது புள்ளி ஒன்று. அடுத்த முறை வரும்போது அது எட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மாத்திரையோடு விடமாட்டார்கள், இன்சுலின் ஊசிதான்.

ஊசி வலிக்கும் என்று அவள் பயப்படவில்லை. சுங்கை ரம்பாயில் இருக்கும் அக்கா பெத்தம்மாளின் பிழைப்பை நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அது போதாதா? கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அக்காவின் கைப்பையில் இன்சுலின் கெடாமலிருக்க ஐஸ் கட்டி இருக்கும். பந்தி போடும் நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கழிவறை எங்கே என்று தேடி ஓடுவாள். இந்திராவுக்கோ புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை, பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஓய்வு. லாக்கர் அறையில் ஊசிப் பையோடு நிற்கும் தன்னை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கூத்து வேண்டாம், எப்பாடு பட்டாவது தப்பித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

ஜூஸ் யோசனையைச் சொன்னவள் அதே பேக்கிங் வரிசையில் நிற்கும் கலைமகள். "காலையில வெறும் வயித்துல பாகற்காய் ஜூஸ் குடி, அக்கா. அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கை விடு. ரெண்டும் சேந்து செஞ்சா பலன் தெரியும்" என்றாள். அவள் சொன்னது எந்த அளவுக்கு மருத்துவம், எந்த அளவுக்கு வாட்ஸ்அப் என்று இந்திரா விசாரிக்கவில்லை. அந்த வருஷ போனஸில் தனக்கென்று ஒரு ஜூஸ் மெஷின் வாங்கினாள். தனக்கென்று என்பதைக் கவனிக்க வேண்டும். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி அவள் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

முதல் நாள் பாகற்காய், வெள்ளரிக்காய், செலரி, பாதி பச்சை ஆப்பிள் எல்லாம் போட்டு அரைத்ததில் ஒன்றரைக் கிளாஸ் வடிந்தது. அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் நல்லமுத்து குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார். லாரி ஓட்டுகிறவர், ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவள் கை தானாக முதல் கிளாஸை அவரிடம் நீட்டியது. அந்த வீட்டில் காப்பியானாலும் தோசையானாலும் முதலில் அவருக்குத்தான். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. அவள் அம்மா அவள் அப்பாவுக்கு அப்படித்தான் கொடுத்தாள், இவளும் அப்படியே கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஒரு மடக்கு குடித்ததும் நல்லமுத்துவின் முகம் கோணியது. "என்னடி இது, பேய்க்கசப்பு! ஆப்பிள் கூடப் போடு" என்றார். ஆனாலும் கிளாஸைக் காலி பண்ணினார். மீதி அரைக் கிளாஸை இந்திரா குடிக்கப் போனபோது மகன் நிவேந்திரன் அறையிலிருந்து வந்தான். இருபத்தைந்து வயது, தினமும் ஜிம், எந்நேரமும் பசி. "எனக்கு இல்லியாம்மா?" என்றான். பெற்ற மனசு என்ன செய்யும்? அதில் பாதி அவனுக்குப் போனது. அவளுக்கு இரண்டு மடக்கு தேறியது.

சரி, நாளைக்குக் கூடப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தாள். கூடப் போடுவது என்ன லேசா? அந்த மெஷினின் வாய் இரண்டு விரல் அகலம்தான். எல்லாவற்றையும் நீளநீளமாக நறுக்க வேண்டும். அரைத்து முடித்ததும் ஏழு பாகமாகக் கழற்றி, சல்லடையைப் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். ஐந்தரைக்கு எழுந்தவள் ஐந்துக்கு எழுந்தாள். ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்து நின்றுவிடும். அப்படி எழுந்தும், கூடப் போட்டதெல்லாம் கூடக் குடித்தவர்களுக்கே போனது. நல்லமுத்து இரண்டு கிளாஸ் கேட்டார். நிவேந்திரன் ஜிம்முக்கு ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார் நல்லமுத்து. "இந்திரா, இவனுக்கும் ஒரு கிளாஸ் குடு. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டும்." புவனேஸ்வரன் குடித்துப் பார்த்தார், பிரமாதம் என்றார், மறுநாளும் வந்தார்.

அவர்கள் ருசிக்குப் பாகற்காய் குறைந்தது, ஆப்பிள் ஏறியது, அப்புறம் கேரட் வந்தது, ஆரஞ்சும் வந்தது. அவளுக்கு மிஞ்சியது ஜாடியின் அடியில் ஒட்டிய நுரை. அதில் தண்ணீர் விட்டு அலசிக் குடிப்பாள். சக்கையைத் தூர எறிய மனசு வராமல் அரிசி மாவில் கலந்து அடை சுட்டு, அதையும் அவர்களுக்கே கட்டிக் கொடுத்தாள். இதற்குள் பஸ் வந்துவிடும். வெறும் வயிற்றோடு ஓடிப்போய் ஏறுவாள். பத்து மணி ஆனதும் பசி தாங்காமல் கண்டீனில் சீனி தூக்கலான தே தாரிக் டீயும் எண்ணெயில் பொரித்த இரண்டு கறிபாப்பும் வாங்கித் தின்பாள். தின்னும்போதே தன்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒருநாள் துணிந்து முதல் கிளாஸைத் தானே குடித்தாள். பாதி குடிப்பதற்குள் நல்லமுத்து வந்துவிட்டார். "ஓ, நீ குடிச்சிட்டியா?" என்றார். குரலில் குறை இல்லை. கோபமும் இல்லை. ஆனால் அடுத்தவர் பண்டத்தில் கை வைத்துப் பிடிபட்டதுபோல் அவளுக்குக் கூசிப்போயிற்று. மீதியை அப்படியே வைத்துவிட்டு அவருக்குப் புதிதாக நறுக்க உட்கார்ந்தாள். வேலை முடிந்து பார்த்தால், அந்தப் பாதிக் கிளாஸை நிவேந்திரன் குடித்திருந்தான்.

இரண்டாவது மாதக் கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் காய்கறி தூக்கிக்கொண்டு வந்த அன்று, பைகளைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினாள். "இது எனக்குன்னு வாங்குன மெஷின்! எனக்குத்தான் இனிப்பு நீர் வியாதி, உங்களுக்கு இல்ல!"

நல்லமுத்து டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "யாரு வேணாம்னா? நீயும் குடியேன்" என்றார்.

"ரிலேக்ஸ் லா மா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போட்டா போச்சு" என்றான் நிவேந்திரன்.

யார் கூடப் போடுவது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சண்டை போடுவதற்கு எதிரில் ஆள் இருக்க வேண்டும். யாருமே தடுக்காத ஒன்றுக்காக யாரிடம் போய் மல்லுக்கட்டுவது? அவள் பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆத்திரத்தில் பாகற்காயைக் கழுவிய வேகத்தில் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. மறுநாளும் அவள் கை முதல் கிளாஸை அவரிடம்தான் நீட்டியது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

தவணை நாள் வந்தது. நல்லமுத்துவும் லீவு போட்டுக் கூட வந்தார். போன முறை அவருக்கும் சீனி எல்லைக்கோட்டில் இருந்ததால், அவரும் ரத்தம் கொடுத்திருந்தார். டாக்டர் முதலில் அவருடைய முடிவைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, எடையும் நான்கு கிலோ குறைந்திருக்கிறது, செய்வதையே தொடர்ந்து செய்யுங்கள் என்றார். அதன் பிறகு இந்திராவின் முடிவைப் பார்த்தார். ஒன்பது புள்ளி எட்டு. இறங்கவில்லை, ஏறியிருந்தது. ஊசி எழுதிக் கொடுத்து, பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

பக்கத்து அறையில் மெலிசா என்ற இளம் தாதி இருந்தாள். தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. இந்திராவை உட்காரவைத்து, ஊசிப் பேனாவை மேசைமேல் எடுத்து வைத்தாள். இந்திராவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் ஐந்து மணிக்கு எழுந்ததெல்லாம் எதற்கு என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க, ஆன்ட்டி?" என்று மெலிசா கேட்டாள்.

இந்திரா வாயைத் திறப்பதற்குள் நல்லமுத்து முந்திக்கொண்டார். "ஜூஸ்தான், மிஸ்ஸி. எங்க வீட்டுல மூணு மாசமா காலையில ஜூஸ்தான், நாசி லெமாக்கெல்லாம் நிப்பாட்டியாச்சு. எல்லாம் இவ கைப்பட போடுறது. அதுலதான் எனக்கு இப்படிக் கொறைஞ்சுச்சு."

"நல்லது, அங்கிள். சக்கை இல்லாத பழ ஜூஸும் சீனியை ஏத்தும், அதனால அளவு தெரியணும்" என்று இந்திராவைப் பார்த்தாள் மெலிசா. "நீங்க எத்தனை கிளாஸ் குடிப்பீங்க, ஆன்ட்டி?"

இந்திரா கணக்குப் பார்த்தாள். நுரையையும் அலசிய தண்ணீரையும் என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"இவளா?" நல்லமுத்துவின் முகத்தில் பெருமை பொங்கியது. "எங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, மிச்சமிருந்தாத்தான் குடிப்பா. இல்லேன்னா அதுவும் இல்ல. வாயத் தொறந்து கேக்க மாட்டா. அப்படி ஒரு பொம்பளை, மிஸ்ஸி!"

மெலிசா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவள் பார்த்த பார்வையில் நல்லமுத்துவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

இந்திரா சட்டை நுனியை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினாள்.

"அந்தப் பெருமையத்தாங்க இப்ப என் வயித்துல குத்தப் போறாங்க" என்றாள். குரல் உயரவில்லை. கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

நல்லமுத்து எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க. மிஸ்ஸி சொல்லித் தர்றதை நீங்களும் நல்லா பாத்துக்குங்க" என்றாள் இந்திரா. "நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கு நீங்க எந்திரிக்கணும். காயை நறுக்கி, மெஷினைக் கழுவி, எனக்கு என்ன குடுக்கலாம்னு மிஸ்ஸி சொல்றாங்களோ அதைக் குடுத்துட்டு, மிச்சமிருந்தா நீங்க குடிங்க."

நல்லமுத்து உட்கார்ந்தார். மெலிசா ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, எழுதிக்கொள்ள அவர் கையில் ஒரு பேனாவையும் கொடுத்தாள்.