அழாதவள்

தலைமை நர்ஸிடம் வேலை பார்த்த ஆயாக்களில் இளையவள் சிட்டு. கண்ணீர் அவளுக்குக் கண்ணோரத்திலேயே நிற்கும். மூத்தவளை வார்டே ‘கல்லு’ என்று கூப்பிட்டது. பதினோரு வருஷத்தில் அவள் முகம் மாறி யாரும் பார்த்ததில்லை.

ஒரு காலையில் சிட்டு கட்டிலின் பக்கத் தடுப்பை உயர்த்த மறந்தாள். கிழவர் ஒருவர் சரிந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சிட்டு தலைமை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

“சரி, விடு. இனிமே கவனமா இரு.”

மூன்று வாரம் கழித்து அதே தவறைக் கல்லு செய்தாள். விழுந்தவருக்கும் சிராய்ப்புதான். அவளே வந்து சொன்னாள்.

“தடுப்பைத் தூக்கிவிடல சிஸ்டர். தப்பு என்மேலதான்.”

குரலில் நடுக்கமில்லை. தலைமை நர்ஸுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். அனுபவசாலி, விதி தெரிந்தவள், வருத்தமே இல்லாதவள். எழுத எழுதக் காரணங்கள் வரிசைகட்டி வந்தன. கல்லுவைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே தலைமை நர்ஸ் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் ஒரே தப்புதானே பண்ணாங்க? அப்புறம் என்ன வித்தியாசம்?”

“சிட்டு அழுதா.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சலவை அறைக்குப் போனாள். ஆவிக்கு நடுவே கல்லு போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு எனக்குக் கோபம்தான் முதல்ல வந்துச்சு. நியாயத்தை அப்புறமா தேடிப் பிடிச்சேன். மன்னிச்சிடும்மா.”

“தெரியும் சிஸ்டர்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேக்க வாயெடுத்தா அழுகைதான் வந்திருக்கும். அழுதா விட்டுடுவீங்கன்னும் தெரியும். ஒரு மனுஷன் விழுந்து கிடக்கார், நான் அழுது தப்பிக்கறதா?”

தலைமை நர்ஸால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றே மேலதிகாரியிடம் போய், தான் எழுதியது பாரபட்சம் என்று எழுதிக் கொடுத்தாள். மாற்றல் ரத்தானது.

“எந்த வார்டு வேணும்?” என்று அதிகாரி கல்லுவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எதுன்னாலும் சரி சார். பழைய வார்டு மட்டும் வேண்டாம்” என்றாள் கல்லு.

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் தலையாட்டினாள். அதை மறுக்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.