தொண்ணூற்றெட்டு பாயிண்ட் நாலு

கலையரசனுக்கு வயது இருபத்தொன்று. சொந்த ஊர் செங்கம் பக்கம். இப்போது இருப்பது சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கம்பெனிக்குப் போகும் மூன்று பேரோடு ஒரு மாடி அறையில். காலை எட்டு முதல் ஒரு மணி வரை செங்கல்பட்டில் நர்சிங் பள்ளி. பிறகு பஸ்ஸிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே, மாமல்லபுரம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவான். இரண்டு முதல் ஒன்பது வரை அங்கே உதவியாளர் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் பள்ளிக்கூட ஃபீஸ். வேலை போனால் படிப்பும் போகும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வியாழக்கிழமை காலை பள்ளியில் செய்முறைத் தேர்வு. காய்ச்சல் பார்ப்பது எப்படி என்று செய்துகாட்டினான். தெர்மாமீட்டரைத் துடைத்தான், அக்குளில் வைத்தான், சத்தம் வரும்வரை பக்கத்திலேயே நின்றான், பார்த்த எண்ணை உடனே எழுதினான். டீச்சர் முழு மார்க் போட்டு, "இவன பாத்து கத்துக்கங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

மதியம் வார்டுக்கு வந்தவன், தெர்மாமீட்டரைத் தொடாமலே பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல் எழுதி முடித்தான்.

தொட்டிருந்தாலும் பயனில்லை. வார்டில் இருந்த ஒரே தெர்மாமீட்டரில் செவ்வாய்க்கிழமையே பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்றே அவன் ரேணுகாவிடம் சொன்னான். ரேணுகா எட்டு வருடமாக அதே வார்டில் உதவியாளர்.

"ஸ்டோருக்கு எழுதிப் போட்டுகீது. வரும்போது வரும்" என்றாள் அவள்.

"அதுவரிக்கும் இன்னாக்கா எழுதறது?"

"நார்மல்னு எழுது. எல்லாருக்கும் ஒரே நம்பர் போட்டுத் தொலைக்காத, மாட்டிப்ப. ஒருத்தருக்கு தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு, இன்னொருத்தருக்கு பாயிண்ட் ஆறு. மாத்தி மாத்திப் போடு. ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க."

ஏழாம் கட்டிலில் சம்பூர்ணம். சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்பவர். கிளிஞ்சல் குத்திய காலை, சர்க்கரை நோயால் வலி தெரியாமல் பத்து நாள் விட்டுவிட்டார். திங்கட்கிழமை புண்ணைக் கீறிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

நாலரை மணிக்கு அவரைத் தூக்கி உட்காரவைக்க முதுகில் கை கொடுத்தான் கலையரசன். கை சுட்டது. நெற்றியைத் தொட்டான். அதுவும் அனல். கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில், இரண்டு மணிக்கு நேரே, அவனுடைய கையெழுத்தில் 98.4 என்று இருந்தது.

"இன்னா தம்பி, பேயறஞ்சாப்ல நிக்கிற?" என்றார் சம்பூர்ணம். "காலைலேருந்தே குளுருது எனக்கு. ஒரு போர்வ இருந்தா குடு."

போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினான். அடுத்த கட்டிலுக்குப் போனான். காய்ச்சல் என்று இப்போது சொன்னால், இரண்டு நாளாக எழுதியது என்ன என்று கேட்பார்கள்.

ஐந்தரைக்கு டாக்டர் ஜெயக்குமார் வந்தார். கூட நஜ்மா சிஸ்டர். டாக்டர் அட்டையை எடுத்து வரிசையாகப் பார்த்தார்.

"ரெண்டு நாளா காய்ச்சலே இல்ல. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்மா."

சம்பூர்ணத்தின் மகள் வசுமதி தயங்கினாள். "சார், அம்மாவுக்கு ஒடம்பு கொதிக்கிற மாரி கீது."

"போர்வைய போத்தி வெச்சா சுடாம என்ன பண்ணும்? மே மாசம்மா இது. சார்ட்ல கரெக்டா இருக்கு பாருங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். வசுமதி அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் கை மீதே சந்தேகம் வந்தவள்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதைத்தான் கலையரசனால் தாங்க முடியவில்லை.

"சார்" என்றான். "அது அளக்கல சார். நானா எழுதினது. தெர்மாமீட்டர்ல பேட்டரி இல்ல."

ரேணுகா எதிர்க் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"எத்தன நாளா?" என்றார் டாக்டர்.

"செவ்வாய்க்கெழமலேருந்து. மொத்த வார்டுக்கும்."

டாக்டர் பேனாவை மூடினார். நஜ்மா சிஸ்டர் மேல்மாடிக்குப் போய் வேறு தெர்மாமீட்டர் எடுத்துவந்தார். நூற்றிரண்டு பாயிண்ட் எட்டு. காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தார்கள். புண் மேலே காய்ந்திருந்தது, அழுத்தியதும் உள்ளிருந்து சீழ் வந்தது. மறுநாள் அந்தக் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். இந்தக் காலோடு வீட்டுக்குப் போயிருந்தால் கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

கலையரசனுக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன். பள்ளிக்கும் ஒரு கடிதம் போனது. அங்கே அந்தக் கடிதத்தைப் படித்தது முழு மார்க் போட்ட அதே டீச்சர். வேலை இருக்குமா என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சம்பூர்ணத்தைப் பார்க்க வந்தான். வாசலில் ரேணுகா மறித்தாள்.

"வாடா அரிச்சந்திரா. உன்னால எனக்கும் மெமோ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு புது தெர்மாமீட்டர் வந்துட்ச்சி. எழுதிப் போட்டு வராதது, நீ வாயத் தொறந்ததும் ஒரு மணி நேரத்துல வந்துட்ச்சி."

சம்பூர்ணம் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றான்.

அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"நைனா, நான் முப்பது வருசமா மீனு விக்கிறேன். ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்தத காலைல புடிச்சதுன்னு சொல்லி வித்துகீறேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எவளும் என் பேச்ச நம்பி வாங்க மாட்டா. செவுள தூக்கிப் பாப்பா. செவப்பா இருந்தாத்தான் பையில போடுவா. ஒரு வேள கொழம்புக்கே அம்மாம் பாக்கறாங்க. நீ எழுதற அட்டைய யாரு தூக்கிப் பாக்கறது? எம் பொண்ணு தன் கைய நம்பாம உன் நம்பர நம்பிச்சே."

கலையரசன் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தான்.

"பாக்காம எழுதாத. அவ்ளோதான். வந்த கையோட அந்தத் தண்ணிய எட்து குடு."

எடுத்துக் கொடுத்தான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் நேரத்தில் யாராவது வந்து அளந்தார்களா என்று கேளுங்கள். உங்கள் கைக்குச் சுட்டால், சுடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.