ரீலுக்கு நல்ல தண்ணீர்

உப்பளத்திலிருந்து அமராவதி வந்து சேர்ந்தபோது அவள் புருஷன் திருமுருகன் வாசற்படியில் உட்கார்ந்து தூண்டில் ரீலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். குளிப்பாட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். கழுவினான் என்று சொன்னால் அந்த அக்கறையெல்லாம் அதில் வராது. இடது உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு, சொம்பிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டான். கைப்பிடி இடுக்கில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை நுழைத்து நோகாமல் தேய்த்தான். பிரஷ் அவளுடையது. அதைக்கூடப் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். பக்கத்தில் பச்சைக் குடம் மூடியில்லாமல் பாதி காலியாக நின்றதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், அது குடிக்கிற தண்ணி."

"தெரியுது. நல்ல தண்ணில கழுவுனாதான் உள்ள இருக்கிற பேரிங்கு போவாது. கடல் தண்ணி உள்ள தங்குச்சின்னா அரிச்சிடும்னு சித்தார்த்தன் சார் சொல்லிருக்காரு."

"அப்ப அவுங்க வூட்லேந்து தண்ணி எட்த்துனு வரச் சொல்லு."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய பனியனால் ரீலை ஒற்றி ஒற்றித் துடைத்து, ஊதி, இன்னொருமுறை துடைத்தான்.

அந்தத் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அடிபம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் தெருமுனைக் குழாயில் வரும். அதற்கு விடிவதற்கு முன்னாலேயே குடத்தை வரிசையில் போட்டு, சண்டை பிடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். வேலை என்பது நாள் முழுக்க உப்புப் பாத்தியில் நிற்பது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே வேலைதான். இரண்டு பாதமும் வெடித்து, அந்த வெடிப்புக்குள் உப்பு ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரியும். வந்ததும் அடிபம்பில் கழுவுவாள். உப்பை உப்பால் கழுவினால் எரிச்சல் எப்படிப் போகும்? இருந்தாலும் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்ற வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது இந்த மனுஷன் ஒரு இரும்புச் சாமானைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருக்கிறான். முதல்முறையாக அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

ரீல் அந்த வீட்டுக்கு வந்தது சித்தார்த்தன் வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் வந்து முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிற கூட்டத்தில் அவன் ஒருவன். கையில் உறை, முகத்துக்குத் துணி, கறுப்புக் கண்ணாடி, ஒவ்வொருவரிடமும் நான்கு தூண்டில் கழிகள். எந்த இடத்தில் ஆழம், எப்போது தண்ணீர் ஏறும் என்று காட்டப்போன திருமுருகன், அப்படியே அவர்களோடு ஒட்டிக்கொண்டான். அதற்கு முன்னால் அவனும் தூண்டில் போட்டவன்தான். தண்ணீர் பாட்டிலில் தங்கூஸ் நரம்பைச் சுற்றி, இறாலைக் கோத்து வீசுவான். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் மீன் குழம்பு இருக்கும். சித்தார்த்தன் ஒருநாள் அந்தப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டானாம். மட்டமான ரீல் வாங்கினால் ஒரு சீசனில் உப்பு தின்றுவிடும், விலை கொடுத்து வாங்கினால் ஆயுசுக்கும் வரும், காசு வீணாகப் போகாது என்று பாடம் எடுத்திருக்கிறான். தான் புதிது வாங்கப் போவதால் பழைய ஜப்பான் ரீலைப் பதினாலாயிரத்துக்குத் தருவதாகவும் சொல்லியிருக்கிறான். 'உனக்காக ப்ரோ' என்று வேறு சொன்னானாம்.

அந்தப் பதினாலாயிரம் அமராவதியின் சீட்டுப் பணம். மழை இறங்கிவிட்டால் உப்பளம் மூடிவிடும், பொங்கல் கழியும்வரை கூலி கிடையாது. அந்த மாதங்களுக்கு அரிசியும் பருப்பும் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த அந்தக் காசில்தான் வர வேண்டும். திருமுருகன் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தான். மழைக்காலத்தில்தான் கொடுவா மீன் முகத்துவாரத்துக்கு வரும். வாரத்துக்கு ஒரு பெரிய கொடுவா மாட்டினால் போதும், சீட்டுப் பணத்தைவிட ஜாஸ்தி வரும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒரேயடியாக முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அதற்குள் சீட்டுப் பணம் போய் ரீல் வந்துவிட்டது.

அது நல்ல சாமான், அதில் சந்தேகமில்லை. ஒருநாள் அவன் இல்லாதபோது ஆணியிலிருந்து எடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். சத்தமே இல்லை. விரலால் தொட்டால் போதும், எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. அந்த வீட்டில் கதவு இழுத்துச் சாத்தினால்தான் மூடும், ஃபேன் கத்தும், அடிபம்பு முனகும். அங்கே ஒழுங்காக ஓடுகிற பொருள் இது ஒன்றுதான் என்று நினைத்தபோது கோபம் இன்னும் அதிகமானது.

மழை வந்தது. உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். திருமுருகன் தினமும் போனான். தினமும் வெறுங்கையோடு வந்தான். சின்ன மீனெல்லாம் இதில் மாட்டாது, இரைக்குப் பதிலாக மாட்டுகிற ரப்பர் மீனைப் பெரிய மீன்தான் கடிக்கும் என்றான். பாட்டில் தங்கூஸை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள் என்றான். யார் அந்த நாலு பேர் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ரசமும் துவையலுமாக நாள் போனது. பத்தாவது படிக்கிற மகள் வினோதினி தட்டைப் பார்ப்பாள், எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு காலையில் குழாயடியில் தையல்நாயகி ஃபோனை நீட்டினாள். பாத்தியில் அமராவதிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள்.

"இன்னாக்கா, வூட்ல ஒரே விருந்தா? மாமா படம் ஊரு பூரா ஓடுது."

வீடியோவில் திருமுருகன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கையில் ஒரு கொடுவா. சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். வாயெல்லாம் பல். சித்தார்த்தனின் குரல், "செம ப்ரோ, செம!" என்றது. பிறகு திருமுருகன் குனிந்து மீனின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தான். தண்ணீருக்குள் மெல்ல இறக்கினான். கையை எடுத்தான். மீன் வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"இன்னாக்கா இது, வுட்டுட்டாரு?" தையல்நாயகிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த ரீலு அவ்ளோ துட்டாமே. மீன வுட்றதுக்கா வாங்குனாரு?"

குடம் நிரம்பி வழிந்தது, பின்னால் நின்றவள் கத்தினாள். இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வழி அமராவதிக்கு நினைவில் இல்லை.

திருமுருகன் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"மீன் மாட்டுச்சாமே."

அவன் முகம் மலர்ந்தது. "வீடியோ பாத்தியா? ஏழு கிலோ இருக்கும்டி! எப்டி இழுத்துச்சி தெரியுமா? வேற ரீலா இருந்தா அப்பவே பிச்சிகினு போயிருக்கும்."

"எங்க அது?"

"எது?"

"மீனு."

"அத வுட்டுட்டோம். குரூப்புல அதான் ரூலு. முட்ட வெக்கிற பெரிய மீன எடுக்கக் கூடாது."

"ரூலு போட்டவங்க வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?"

அவன் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தான்.

"ஒனக்குப் புரியாது. அவ்ளோ படிச்சவங்க, அவ்ளோ வசதி இருக்கறவங்க, என்ன ப்ரோன்னு கூப்புடறாங்க. பக்கத்துல உக்கார வெச்சி சாப்புடறாங்க. இந்த ஊர்ல எவன்டி என்ன டேய் போடாம கூப்ட்ருக்கான்? அவுங்க முன்னாடி நான் மீனத் தூக்கினு வூட்டுக்கு ஓடணுமா?"

அது உண்மைதான். உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விடுவதுதான் அவன் வேலை. அளத்து முதலாளியின் மகன், மீசை முளைக்காத பயல், இவனை "டேய் முருகா, மோட்டாரப் போடு" என்பான். இவன் ஓடுவான். அதைப் பார்த்துப் பலமுறை அவள் நெஞ்சு வெந்திருக்கிறது. அதனால் இப்போது அவன் சொன்னது அவளுக்குள் ஓரிடத்தில் போய்த் தைக்கத்தான் செய்தது. தைத்ததும் ஆத்திரம்தான் வந்தது. இவனை ப்ரோ என்று கூப்பிட ஆள் இருக்கிறது. அவளை யார் என்ன என்று கூப்பிடப் போகிறார்கள்? மீனை விடச் சொன்னவன் காரில் ஏறி வீட்டுக்குப் போய் வேறு மீன் சாப்பிடுவான். அவனுக்கு அந்த மாதிரி ரீல் கொடுத்த காசுக்குத் தகும். இங்கே விட்டது ஏழு கிலோ மீன் இல்லை, ஒரு மாதத்து அரிசி.

"நீ வுட்டது மீனு இல்லய்யா," என்றாள். அடுப்படிக்குள் போனாள். ஊற வைத்த புளியைக் கரைக்கிற சாக்கில் பிசைந்து தள்ளினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. லாரி வந்திருக்கிறது, மூட்டை பிடிக்க வா என்று அளத்திலிருந்து ஆள் வந்தது. ஒருநாள் கூலியாவது ஆகட்டும் என்று போனாள். கீற்றைப் பிரித்து, நனைந்த குவியலை வெட்டி, மூட்டையில் நிரப்பினார்கள். குவியலைச் சுற்றி உப்பு கரைந்த சேறு கணுக்காலுக்கு மேல் நின்றது. பல வாரம் காய்ந்து சற்றே மூடியிருந்த வெடிப்பெல்லாம் மறுபடி வாய் திறந்துகொண்டன. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பாதத்தைத் தரையில் முழுசாக ஊன்ற முடியவில்லை.

அடிபம்பு வரைக்கும் போனாள். பிடியில் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

உள்ளே ஒரு குடம்தான் மிச்சம் இருந்தது. நாளைக் காலைவரை அதுதான். அதைத் தூக்கி வந்து, நீலப் பேசினில் தலைகீழாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டாள். முதலில் சுரீரென்றது. பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது. பாதத்தில் படிந்திருந்த வெள்ளையெல்லாம் கரைந்து போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று நினைத்தபோது அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாகவே கரித்தது.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. திருமுருகன் தொப்பலாக நனைந்து ஓடி வந்தான்.

"அலை அடிச்சிடுச்சி. ரீலு முழுசா முழுவிடுச்சி. தண்ணி குடு, சீக்கிரம். காயறதுக்குள்ள கழுவணும்."

அவள் அசையவில்லை. அவனே உள்ளே போனான். குடம் உருளும் சத்தம், இன்னொரு குடம் உருளும் சத்தம். திரும்பி வந்து பேசினைப் பார்த்தான்.

"இது கொடத்துத் தண்ணியா?"

"ஆமா."

அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். தண்ணீருக்குள் தெரிந்த பாதங்களைப் பார்த்தான். வெடிப்புகள் ஊறி விரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் ஏதாவது கேட்பான் என்று அமராவதி நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு அவள் தன்மீதே கோபப்பட்டாள்.

"கொஞ்சம் கால எடு," என்றான்.

எடுத்தாள். அவன் ரீலை அந்தத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இன்னும் கரித்துக்கொண்டுதான் இருந்தது. பாத்தித் தண்ணீரை ஒரு சொட்டு வாயில் விட்டே பதம் சொல்லுகிற மனுஷன் அவன். விரலை நாக்கில் வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. கைப்பிடியைத் தண்ணீருக்குள்ளேயே முன்னும் பின்னும் சுற்றினான். பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தான். அந்தத் தண்ணீரையே கையில் அள்ளி மேலே விட்டான். அமராவதி படியில் உட்கார்ந்தபடி, வாயைத் திறக்காமல், அவன் செய்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஒற்றித் துடைத்து, ஊதி, வெயில் படுகிற ஆணியில் ரீலை மாட்டினான். நிம்மதியாகச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டு பின்பக்கம் போனான். வெயில் உறைத்தது. அவள் கால்கள் காயத் தொடங்கின. கணுக்காலைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு எழும்பியது. அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடி ரீலுக்குள் இறங்குகிற இடத்தைச் சுற்றி, அதே வெள்ளைக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.