மாத்திரைக்குப் பின்னால் இருந்த நம்பர்

என் புருஷன் இன்பராஜுக்கு டிபி நோயைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை. "ஆறு மாசம் உடாம மாத்திரை போட்டா சரியாய்டும். நடுவுல நிறுத்துனா கிருமி மருந்துக்கு அடங்காது" என்று மாதனூரில் எங்கள் தெருவுக்கே பாடம் எடுப்பார். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவருக்கே டிபி வந்து, ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டை கொடுத்தார்கள். அட்டையிலிருந்து அன்றைய மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்தால் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால், அன்றைக்குப் போட்டாயிற்று என்று ஆஸ்பத்திரியில் பதிவாகும். காலையில் அவர் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் அவர் நம்பரைப் படிப்பார், நான் போன் போடுவேன், அவர் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் குடிப்பார். இரண்டு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. தினமும் முட்டை அவித்துக் கொடுத்தேன். இருமல்தான் நின்றபாடில்லை.

இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. நர்ஸம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக் குழம்பினார். "கால் எல்லாம் கரெக்டா வந்துருக்கேம்மா?" என்றார். எங்கள் மகள் மோகனாவையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒன்பது வயது. அவளுக்கும் பத்து நாளாக இருமல்.

அவர் தினமும் திரும்பி நின்று தண்ணீர் குடித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டி, பரண் எதையும் விடாமல் துழாவினேன். அவருடைய பழைய ஷூவுக்குள் துணியில் சுற்றிய சிவப்பு மாத்திரைகள், ஒரு குவியலாக.

"இன்னாய்யா இது?"

அவர் தரையைப் பார்த்தார். "பத்து நாள் ஒழுங்காத்தான் போட்டேன் பாக்யா. மாத்திரையால ஒண்ணுக்கு செவப்பா போச்சு. கம்பெனி பாத்ரூம்ல கூட வேல செய்ற சம்பத் பாத்துட்டு இன்னாடான்னான். வெளிய தெரிஞ்சா வேலய உட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். தூக்கமே வர்ல."

"கம்பெனி தூக்கும்னு பயந்த. பொண்ணு உன் பக்கத்துலதான படுக்குறா, அதுக்குப் பயப்படலியா?"

அவர் பயந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். தினம் தினம் அந்தப் பொய்யை என் விரலாலேயே அழுத்த வைத்தாரே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பாவி மனுஷன்!

நான்காம் நாள் முடிவு வந்தது. மோகனாவுக்கும் டிபி.

மறுநாள் காலை அவள் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக் குடித்தாள். நான் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரும்மா, நெஜமாவே முழுங்கிட்டேன்."

அவர் கதவோரம் நின்றிருந்தார். கையில் புது அட்டை. மாத்திரைகளைப் பிதுக்கிக்கொண்டு, "போன் போடு பாக்யா" என்று நம்பரைப் படிக்க ஆரம்பித்தார்.

நான் போனைத் தொடவில்லை.

"மொதல்ல முழுங்கிட்டு வாயத் தொற" என்றேன்.