அடுத்தவர் தோட்டா

சவப்பெட்டிக்குள் மாரிசாமியின் சட்டைப் பைக்குப் பக்கத்தில் அவருடைய அமெரிக்க நண்பர் டேல் ஒரு தோட்டாவை வைக்கப் போனபோதுதான் ஃப்யூனரல் ஹோம் மேனேஜர் ஓடிவந்தார். ஓடிவந்தார் என்றால், அந்த வேலையில் இருப்பவர்கள் எவ்வளவு வேகமாக ஓடலாமோ அவ்வளவு. இதில் வெடிமருந்து இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் டேல். மருந்து அடைத்த தோட்டா உடலை எரிக்கிற அடுப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று டேலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து ரைஃபிள் பிடிக்கிறவர். துக்கத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவக்க, அதை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

தலைமாட்டில் நின்றிருந்த மனைவி வசந்தாமணிக்கு அத்தனை அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாரிசாமி மட்டும் இதைப் பார்த்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்தத் தோட்டா எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மாரிசாமி சனிக்கிழமை காலையில் போனார். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். கராஜில் நின்ற காரில் ரைஃபிள் இருந்தது, பக்கத்து சீட்டில் முந்தின நாள் சாயங்காலம் லோட் பண்ணிய தோட்டாப் பெட்டி இருந்தது. கராஜில் துப்பாக்கியும் தோட்டாவும் இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், டல்லாஸிலிருந்து வந்த மகன் செழியன் இரண்டையும் தூக்கி டேலிடம் கொடுத்துவிட்டான்.

உடுமலைப்பேட்டைக்காரர் டெக்சாஸில் துப்பாக்கி பிடித்த கதை ஒன்றும் பெரிதில்லை. கெமிக்கல் பிளாண்டில் கூட வேலை பார்த்த டேல் ஒருமுறை மான் வேட்டைக்கு அழைத்துப் போனார். மான் வந்தது, நின்றது, பார்த்தது, போயிற்று. மாரிசாமி சுடவில்லை. ஆனால் ரைஃபிள் பிடித்துவிட்டது. அதிலும், சுட்ட பித்தளைக் கூட்டை வீட்டிலேயே திரும்ப மருந்தும் குண்டும் வைத்து அடைத்து, அதாவது லோட் பண்ணி, எந்த அளவு மருந்துக்கு இந்த ரைஃபிள் எப்படிச் சுடுகிறது என்று பேப்பரில் ஓட்டை போட்டுப் பார்ப்பது ரொம்பப் பிடித்துவிட்டது. மானைச் சுடாத வேட்டைக்காரன் என்று ரேஞ்சில் கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணினாலும், லோட் பண்ணுவதில் மாரி கைக்கு இணையில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

அன்றைக்கும் சொன்னார்கள். சவப்பெட்டி அடுப்புக்குள் போய்க் கதவு மூடியபின், ஹாலில் காபிக் கோப்பையோடு நின்ற டேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பேசி முடித்ததும் சிவராமகிருஷ்ணன் அதையே தமிழில் சொன்னான். அவனும் அதே பிளாண்ட், அதே ரேஞ்ச். இருபது வருடமாக அவளை அக்கா என்பவன்.

"அக்கா, எங்க ரேஞ்ச்ல ஒரு ரூல் உண்டு. அடுத்தவன் லோட் பண்ணின தோட்டாவ யாரும் சுட மாட்டோம். அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. அவன் மருந்து கூட வச்சிருந்தா நம்ம கண்ணு போயிடும், கை போயிடும். ஆனா மாரி அண்ணாவுக்காக அந்த ரூல பிரேக் பண்ணலாம்னு டேல் ஃபீல் பண்றார். நாளைக்குக் காலையில எல்லாரும் அண்ணா ரைஃபிள்ல ஆளுக்கு ஒண்ணு சுடறோம். அண்ணா கை மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை."

வசந்தாமணி தலையாட்டினாள். வேறு என்ன செய்வது?

மாரிசாமியின் கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் சுண்டுவிரல், பிறகு கை முழுக்க. டாக்டர் நோய்க்கு ஒரு பேர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு மாரிசாமி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மணி, இது வெளிய தெரியக்கூடாது. செழியனுக்குங்கூட. தலை மேல சத்தியம் பண்ணு." அவள் பண்ணினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான், ஆனால் இருவரும் சேர்ந்தால் மறைக்க முடிந்தது. மணல் மூட்டைமேல் ரைஃபிளைச் சாத்திவிட்டால் சுடுவது எப்படியோ முடிந்தது. மருந்து நிறுப்பதுதான் முடியவில்லை. நகைக்கடைத் தராசு மாதிரி குட்டித் தராசு, மணி மணியான மருந்து. அதை அவர் கை சிந்தச் சிந்த, ஒருநாள் அவள் ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார், அவள் நிறுப்பாள், கூட்டில் கொட்டுவாள், குண்டை வைத்து அழுத்து இயந்திரத்தின் பிடியை அழுத்துவாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அந்த கராஜில்தான் பேசினார்கள்.

ஆகையால் அந்தப் பெட்டியில் இருப்பதில் ஒன்றுகூட மாரி கை இல்லை.

அதோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று வரிசை லோட் பண்ணினார்கள். வரிசைக்கு ஐந்து. ஒவ்வொரு வரிசையிலும் மருந்து கொஞ்சம் கூட. மூன்றாவது வரிசை, அந்த ரைஃபிள் தாங்குகிற எல்லைக்குப் பக்கத்தில். அதைத் தொடங்கும்போது செழியன் போன் வந்தது. தராசுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள். திரும்பி வந்ததும் தராசை முதலில் ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கூடிவிடும். கொண்டுவந்தாளா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடம் மட்டும் நினைவில் வரவில்லை. எப்போதும் அவர் ஒருமுறை சரிபார்ப்பார். அன்றைக்குக் களைப்பாக இருந்தார். "நீ பண்ணினாச் சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்.

சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் எவன் கண்ணாவது போகும்.

மறுநாள் காலையில் தானும் ரேஞ்சுக்கு வருவதாக அவள் சொன்னதும் வீட்டில் பிரளயம். பக்கத்துத் தெரு தாமரைச்செல்வி இட்லிப் பாத்திரத்தோடு வந்தவள் வாசலிலேயே மறித்தாள்.

"என்ன வசந்தா இது? பதினாறு முடியறதுக்குள்ள வெளிய போவாங்களா? அதுவும் துப்பாக்கி சுடற எடத்துக்கு! ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"ஊர் இங்கிருந்து பத்தாயிரம் மைலுங்க, தாமரை. கேக்காது."

காரில் 288-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது செழியன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "மாம், யூ டோன்ட் ஹாவ் டு டூ திஸ். நான் போயிட்டு வீடியோ எடுத்துட்டு வரேன்."

"வண்டிய ஓட்டு கண்ணு."

ரேஞ்சில் தகரக் கொட்டகை, நீளமான சிமெண்ட் பெஞ்சுகள். தூரத்தில் மண்மேட்டுக்கு முன்னால் புதுப் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். எட்டுப் பேர் தொப்பியைக் கழற்றினார்கள். டேல் தோட்டாப் பெட்டியைத் திறந்து வைத்தார். நேற்றுப் பையில் போட்ட தோட்டாவும் அதன் குழிக்குத் திரும்பியிருந்தது. எல்லை வரிசையிலிருந்து தான் முதலில் சுடப்போவதாகச் சொல்லி டேல் கை நீட்டினார்.

"இருங்க," என்றாள் வசந்தாமணி. தமிழில்தான் வந்தது. "தம்பி, டேல்கிட்டச் சொல்லு. இது அவரு பண்ணின லோடு இல்ல. நான் பண்ணினது."

சிவராமகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க?"

"அவரு பண்ணுறதப் பாத்து எனக்கும் ஆசையா இருந்துச்சு. சொல்லிக் குடுங்கன்னேன், குடுத்தாரு. அவரோடது பூராத்தையும் போன மாசமே சுட்டுத் தீத்துட்டாரு. இது என்னோடது."

பாதி உண்மை. அந்தப் பாதிக்குள் அவர் கை நடுங்கவில்லை. செழியன் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். சிவராமகிருஷ்ணன் மட்டும், "அதான் அண்ணா கொஞ்ச நாளா காபிய மூடி போட்ட கப்ல..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். டேல் பக்கம் திரும்பி அவள் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். காபியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டேல் கையை எடுத்துக்கொண்டார். மாரிக்காக மட்டும்தான் அந்த ரூலை மீற மனம் வந்தது. அது மரியாதைக் குறைவில்லை என்று வசந்தாமணிக்குத் தெரியும். அப்படியானால் ஒன்று இவற்றைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் லோட் பண்ணினவரே சுட வேண்டும் என்றார் டேல்.

"நோ, மாம்," என்றான் செழியன்.

பிரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கிறது, தட்டினால் குண்டு வேறு மருந்து வேறாகக் கழன்று விழும். அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலமும் அதோடு கழன்று விழும். அவரோடு உட்கார்ந்து கடைசியாகச் செய்த வேலை அது. அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் சுடறேன்," என்றாள். "மருந்து கம்மியா இருக்கறதுல இருந்து."

டேல் மணல் மூட்டையைச் சரிசெய்தார். காதுக்கு மூடி போட்டுவிட்டார். அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். மாரிசாமி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார், சத்தம் ஆகாது என்று ஒருமுறைகூட வந்ததில்லை.

முதல் வெடியில் வலது தோளில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ரைஃபிளைத் திறக்கும் போல்ட் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, வந்து விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் ஓரம் உருண்டையாகவே இருந்தது. அமுக்கம் அளவோடுதான் இருக்கிறது என்று அர்த்தம். அவள் அப்படிப் பார்ப்பதை டேல் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அவளுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையின் ஐந்து ஓட்டையும் ஒரு வடை அளவுக்குள் விழுந்தன. தொலைநோக்கியில் பார்த்த டேல் விசிலடிக்க ஆரம்பித்து, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து பாதியில் விட்டார்.

மூன்றாவது வரிசையில் முதல் தோட்டா. சத்தம் வேறு மாதிரி இல்லை, அடிதான் கொஞ்சம் பலம். போல்ட்டைத் தூக்கினாள். வரவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டித்தான் தூக்க முடிந்தது. கூட்டின் அடியில் பிரைமர் ரயில் ஏறிய காசு மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

தராசை ஜீரோவுக்குக் கொண்டுவரவில்லை.

அவர் மட்டும் நிமிர்ந்திருந்தால், சனிக்கிழமை இந்தப் பெஞ்சில் அவர்தான் இதைச் சுட்டிருப்பார். அவள் மேல் வைத்த நம்பிக்கையில் சுட்டிருப்பார். கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைத்துக்கொண்டாள்.

"போதும். இது ஜாஸ்தி. மீதி நாலையும் பிரிச்சிருங்க," என்றாள். பிறகு டேலைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது என் தப்பு என்றாள்.

டேல் கூட்டை வாங்கிப் பார்த்தார். மாரியாக இருந்தாலும் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார் என்றார். கை நீட்டினார். நேற்று ஹாலில் பிடித்த பிடி இல்லை அது. கூடச் சுடுகிறவனோடு குலுக்குகிற குலுக்கு.

சாயங்காலம் வீட்டில் கூட்டம். கோயிலிலிருந்து வந்தார்கள், பிளாண்டிலிருந்து வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வலது தோள் குளித்தபோது பார்த்ததைவிட இன்னும் வீங்கியிருந்தது. ஜாக்கெட் உரசினாலே உயிர் போயிற்று. அவள் ஒவ்வொருவருக்கும் இலேசாகத் திரும்பி இடது தோளைக் கொடுத்தாள். தாமரைச்செல்விக்கும் இடதுதான். யாரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் போனபின் செழியன் கடைசிப் பாத்திரத்தைச் சிங்க்கில் போட்டுவிட்டு வந்தான். மூன்று நாளாக அழாதவன். அவள் வலது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நல்ல கனமான பையன்.

வசந்தாமணி திரும்பவில்லை. அவன் தலையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.